நூற்று இருபது வாளி அமைதி

“இந்த வெள்ளையா இருக்கிற இடத்துல என்ன வரும்?”

“ஒண்ணும் வராது சார்.”

“ஒண்ணும் வராத இடத்துக்கு எதுக்கு அளவு போட்டிருக்கீங்க?”

“அதுதான் சார் தோட்டம்.”

கேட்டவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல. திருப்பியும் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளையாக இருந்தது அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

“மறைக்காமச் சொல்லுங்க தம்பி. நான் கையெழுத்துப் போட்டதும் உங்க முதலாளி அந்த இடத்துல பூச்சட்டிப் பெட்டியா அடுக்குவாரு. அதானே?”

“இல்ல சார். மூணு கல்லு. சுத்தி மணல். மிச்சம் சும்மா இருக்கணும்.”

‘சும்மா’ என்று எழுதிக்கொண்டு அவர் அடியில் கோடு போட்டார். பிறகு இருமினார்.

அவர் பெயர் லட்சுமிகாந்தம். மாவட்டத் தொழிலக மன அமைதி வாரியத்தின் இணை அமைதி அலுவலர். வாரியம் விருதுநகர் பஜாரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மேலே எல்லோருக்கும் கண்ணில் நீர் வரும். வாரியத்துக்கு வந்தவர்களில் தொண்ணூறு சதவீதம் பேர் கண்ணீரோடு திரும்பினார்கள் என்பது ஆண்டறிக்கையில் ‘மனமாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் வந்திருந்தது.

வாரியம் உண்டானதற்குக் காரணம் விபத்துகள். ஒரு வருடத்துப் பட்டாசு விபத்துகளை எல்லாம் ஆராய்ந்த குழு, அவை அனைத்திலும் ஒரு பொது அம்சத்தைக் கண்டுபிடித்தது. விபத்து நேரத்தில் தொழிலாளர்கள் யாருமே அமைதியாக இல்லை. ஓடியிருக்கிறார்கள். கத்தியிருக்கிறார்கள். ஆகவே அமைதியின்மையே காரணம் என்று முடிவாயிற்று. அதன் பிறகு மூன்று உறுப்பினர்கள் பதினொரு நாள் ஜப்பானுக்குப் போய்வந்தார்கள். அங்கே பட்டாசு ஆலை எதையும் பார்த்ததாக அறிக்கையில் இல்லை. ஒரு தோட்டத்தைப் பார்த்தார்கள். தாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே ஒரு வெடிவிபத்துகூட நடக்கவில்லை என்று அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது.

அறிக்கை சுற்றறிக்கை ஆனது. ஐம்பது அறைகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு பட்டாசு ஆலையும் கட்டடத்துக்குள்ளே ஒரு ஜப்பானிய முறைத் தோட்டம் அமைத்து அமைதிச் சான்று பெற வேண்டும். சான்று இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. தீபாவளி சீசனுக்கு ஏழு மாதம் இருந்தது.

வரைபடத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தவன் முனியராஜ். எம். புதுப்பட்டி என்கிற ஊருக்குப் பக்கத்தில் அறுபது அறை உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபில் வரைகிறவன். போன வருடம் ‘டோக்கியோ ராணி’ என்று ஒரு வாண வெடிக்கு லேபில் போட்டான். பின்னால் பனி மூடிய மலை, முன்னால் விசிறி பிடித்த பெண். சுற்றறிக்கை வந்த அன்று முதலாளி காளிராஜ் அந்த லேபிலை எடுத்து மேசையில் போட்டார்.

“ஜப்பானை வரைஞ்சவன் நீதானலே. தோட்டத்தையும் நீயே போடு.”

மலையை ஒரு பழைய காலண்டரைப் பார்த்து வரைந்ததாக முனியராஜ் சொன்னான். அந்தப் பெண்ணும் ஜப்பான்காரி இல்லை, அதே கம்பெனியில் பதினாலாம் நம்பர் அறையில் மருந்து செலுத்துகிற தன் அக்கா பாண்டிச்செல்விதான், கண்ணை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டேன் என்றான். முதலாளிக்கு இது அடக்கமாகப் பட்டது. அன்றே உத்தரவு டைப் ஆயிற்று.

வரைபடத்துக்கு அனுமதி கிடைக்க ஐந்து முறை விருதுநகர் போய்வந்தான். வெள்ளை இடத்தில் எதுவும் வராது என்று முதலாளியிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்கச் சொன்னார்கள். அதில் ‘எதுவும்’ என்றால் என்னென்ன என்று இணைப்புப் பட்டியல் கேட்டார்கள். முனியராஜ் வராத பொருட்களை எழுத ஆரம்பித்தான். பூச்சட்டி, சாட்டை, தரைச்சக்கரம், சைக்கிள், பீரோ. மூன்று பக்கம் வந்தது. யானை இல்லை என்று நாலாவது முறை திருப்பி அனுப்பினார்கள். சேர்த்தான்.

இடம் முடிவாயிற்று. பெண்கள் மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் காலை நீட்டுகிற ஓய்வறை. ஆலங்குளத்துப் பக்கமிருந்து மூன்று சுண்ணாம்புக் கற்கள் லோடு ஆட்டோவில் வந்தன. மணல்தான் வரவில்லை. ஆற்று மணல்தான் போட வேண்டும், எம்-சாண்ட் கூடாது, அது இயந்திரத்தில் அரைபட்டதால் அதற்குள் அமைதி இருக்காது என்று சுற்றறிக்கையில் தனி விதி இருந்தது. ஆற்று மணல் அள்ள வேறொரு அரசாணை தடை போட்டிருந்தது. இரண்டையும் குண்டூசி குத்தி முதலாளி வாரியத்துக்கு அனுப்பினார். இரண்டையும் தவறாமல் கடைப்பிடிக்கவும் என்று பதில் வந்தது.

ஒரு வாரம் கழித்து போர்மேன் சங்கரலிங்கம் வந்து, மணல் வந்துவிட்டது என்றார். ஓய்வறை வாசலில் சாக்குகள் நின்றன. முனியராஜ் ஒரு கை அள்ளினான். விரல் இடுக்கில் தண்ணீராக ஓடியது. சலித்து, காய்ந்து, வெளிறி, வைப்பாற்றில் மணல் கிடந்த காலத்து மணல்.

“எங்கன கிடைச்சது அண்ணாச்சி?”

“மணல் வேணும்னு கேட்ட. வந்துருச்சு. வந்த வழி உனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு சங்கரலிங்கம் அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மணலைக் கொட்டிப் பரப்பியபோது அதில் அங்கங்கே சிவப்பாக ஏதோ மின்னியது. காய்ந்த பெயிண்ட் செதில்கள். மிளகாய் விதை அளவு. முனியராஜ் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தான். ஆட்டோவில் பெயிண்ட் உரிந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டான். ஆட்டோ பச்சை நிறம். இரண்டு நாளில் ஒரு தீப்பெட்டி நிறையச் செதில் சேர்ந்தது. தீப்பெட்டியைக் கம்பெனிக்குள் வைத்திருக்கக்கூடாது என்பதால் வெளியே எறிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருடமாக லேபில் போடுகிறான். லேபிலில் கால் அங்குலம் சும்மா கிடந்தால் முதலாளிக்குப் பொறுக்காது. “இங்கன ஒரு கிளி வையி” என்பார். கிளி வைத்தால் கிளிக்கும் மயிலுக்கும் நடுவில் இரண்டு நட்சத்திரம் கேட்பார். இப்போது இருபதுக்கு முப்பதடியில் முதன்முதலாக, எதையும் வைக்க வேண்டாம் என்று அரசாங்கமே சொல்கிறது. நெட்டையான கல்லை ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். ஒரு சாண் தள்ளினான். மறுநாள் வந்து பாதிச் சாண் திரும்ப இழுத்தான். நின்று பார்த்தால் சரியாக இருந்தது, உட்கார்ந்து பார்த்தால் அகம்பாவமாக இருந்தது. கல்லைச் சற்றுப் புதைத்தான். குட்டைக் கல் இரண்டும் அதைப் பார்த்து ஏதோ கேட்பதுபோல வந்தன.

பட்டாசு ஆலைக்குள் இரும்பு ஆகாது, உரசினால் பொறி வரும். அதனால் மணலில் கோடு போட வேப்பம் பலகையில் பல் அறுத்து, நீளக் கைப்பிடி வைத்து ஒரு பெரிய சீப்புச் செய்தான். பின்னால் நடந்துகொண்டே இழுத்தால் கோடுகள் அவனிடமிருந்து விலகி ஓடின. கல்லைச் சுற்றி வளைந்தன. அவன் பிறந்ததிலிருந்து வைப்பாற்றில் தண்ணீரைப் பார்த்ததில்லை. தண்ணீர் ஒரு பாறையில் இடித்து இரண்டாகப் பிரிந்தால் இப்படித்தான் போகும் என்று கை எப்படியோ அறிந்திருந்தது. வாசலில் நின்று பார்த்த பெண்கள், தரைக்குத் தலை சீவி விடுகிறான் என்று சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை.

திறப்பு விழாவுக்கு லட்சுமிகாந்தம் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மணலைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் மெல்ல, அடியில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

அன்றிலிருந்து அமைதி அமர்வு தொடங்கியது. எந்த அறையிலும் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பட்டாசுச் சட்டம். ஆகவே நாலு நாலு பேராகப் பதினொரு நிமிடம் உட்கார வேண்டும். அந்தப் பதினொரு நிமிடம் சாப்பாட்டு நேரத்தில் கழியும். வெளியே வரும்போது பதிவேட்டில் ‘அமைதி அடைந்தேன்’ என்பதற்கு நேரே கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டும். ‘அடையவில்லை’ என்ற கட்டமும் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் இன்னொரு பதினொரு நிமிடம் உட்கார வேண்டும் என்று தெரிந்தபின் அந்தக் கட்டம் சும்மாவே கிடந்தது.

முதல் அமர்விலேயே மாரித்தாய் கேட்டுவிட்டாள். திரி காயப்போடுகிற மேடையில் வேலை பார்க்கிறவள், எதையும் மனசில் வைக்கத் தெரியாதவள்.

“ஏய்யா முனியராஜ், எங்கள்ல கல்லு ஊன்றது செத்தவகளுக்குத்தான். நீ மூணு ஊனியிருக்க. யாருக்கு?”

யாருக்கும் இல்லை, பார்க்க அழகாக இருக்கும் என்று அவன் சொன்னான். அவள் நம்பவில்லை. இனிமேல் சாகப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே வைத்தது என்று சாயங்காலத்துக்குள் அறுபது அறைக்கும் பேச்சுப் பரவிற்று. மறுநாள் நெட்டைக் கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. முனியராஜ் துடைத்தான். அதற்கு மறுநாள் மூன்று கல்லிலும் பூசியிருந்தது, குட்டைக் கல்லுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. ‘இங்கே கும்பிடக் கூடாது, அமைதி மட்டும் அடையவும்’ என்று வாரியம் ஒரு பலகை அனுப்பியது. அதற்கும் யாரோ பொட்டு வைத்தார்கள்.

அடுத்து வந்தது பல்லி விவகாரம். ஒரு காலையில் மணலின் குறுக்கே சிறு புள்ளிகளாக ஒரு தடம் போயிருந்தது. வெளியாள் நுழைந்திருப்பதாக லட்சுமிகாந்தம் சந்தேகப்பட்டார். அது பல்லி என்று முனியராஜ் எழுதிக் கொடுத்தான். எந்தப் பல்லி, உள்ளூர்ப் பல்லியா, எதற்காக வந்தது என்று குறிப்பாணை வந்தது. முடிவில் கூரை மூலையில் ஒரு கேமரா வைத்தார்கள். மணலின் ஆழம் நாலு விரற்கடை என்று வகுத்து, தினமும் மூங்கில் குச்சியை இறக்கி அளந்து எழுத வேண்டும் என்றார்கள். முனியராஜ் ‘மணல் காப்பாளர்’ ஆனான். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு சிட்டிகை மணல் அறையை விட்டு வெளியே போகக்கூடாது.

ஆடி மாதத்து வெயிலில், பகல் பதினொரு மணிக்கு திரி காயும் மேடை ஓரத்தில் கூட்டிக் குவித்திருந்த கழிவு மருந்தில் தீப்பிடித்தது. ஒரு முழத் தீ. பக்கத்தில் இருந்தவள் மாரித்தாய். அதில் அலுமினியப் பொடி கிடந்தது அவளுக்குத் தெரியும். அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் தீ அணையாது, எழும்பும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது இது. மணல்தான் போட வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு அறை வாசலிலும் இரண்டு சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஓடி, பதினாலாம் நம்பர் வாசலில் இருந்த வாளியைத் தூக்கினாள். கனக்கும் என்று தூக்கிய வாளி கனக்கவில்லை. அந்த வேகத்தில் மல்லாந்து விழுந்தாள். எழுந்து அடுத்த வாளியைத் தூக்கினாள். அதுவும் இறகுபோல வந்தது. கடைசியில் கையில் அகப்பட்ட சாக்கைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மிதித்து அணைத்தாள். நாலு எட்டு தள்ளி அந்த அறைக்குள்ளே பாண்டிச்செல்வியும் மூன்று பெண்களும் மருந்தின் நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

மாரித்தாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு முனியராஜ் அந்த வாளிகளில் ஒன்றைக் குனிந்து பார்த்தான். அடியில் மணல் ஒரு கரண்டி இருக்கும். உட்புறம் உரிந்த சிவப்புப் பெயிண்ட் செதில்கள் அதன்மேல் உதிர்ந்து கிடந்தன. மிளகாய் விதை அளவு. அறுபது அறை, நூற்று இருபது வாளி. அவன் வரிசையாகப் போய் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தான். போர்மேன் சங்கரலிங்கம் தூரத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வாரியம் இரண்டு நாளில் வந்துவிட்டது. மாரித்தாய் கடந்த மாதம் இரண்டு அமர்வுக்கு வரவில்லை என்பதைப் பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்தார்கள். அவள் ‘எதிர்பார்ப்போடு’ வாளியை நோக்கி ஓடியதாகவும், எதிர்பார்ப்பே ஏமாற்றத்துக்கும் தொடர்ந்து மல்லாந்து விழுவதற்கும் காரணம் என்றும் அறிக்கை எழுதினார்கள். பாதத்தில் கட்டோடு அவளையும் உட்கார வைத்து, வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டி லட்சுமிகாந்தம் பேசினார்.

“வாளியில மணல் இல்லைன்னு சிலர் மனவருத்தப்படுறதாக் கேள்விப்பட்டேன். நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு சிவப்பு வாளி உங்ககிட்ட என்ன சொல்லுது? இங்க தீப்பிடிக்கும்னு சொல்லுது. காலையில வேலைக்கு வர்றப்பவே நூத்தி இருபது வாளி நூத்தி இருபது தடவை உங்களைப் பயமுறுத்துது. அந்த வாளியைக் காலி பண்ணினதுல உங்க பயமும் காலி ஆயிருக்கு. ஜப்பான்ல காலிங்கிறது ரொம்ப உயர்ந்த விஷயம். அப்புறம், மணல் எங்கயும் போயிடல. பூட்டின அறையில, கேமரா வச்சு, காப்பாளர் போட்டு, தினமும் அளந்து, முன்னைவிடப் பத்திரமா இருக்கு. முன்னாடி உங்க மணலுக்கு யாராவது காவல் இருந்தாங்களா? சொல்லுங்க.”

 மாரித்தாய் மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“அப்ப தீயையும் அங்கனயே வந்து பிடிக்கச் சொல்லுங்க சார்.”

அவர் அதை ஆலோசனையாகக் குறித்துக்கொண்டார்.

முனியராஜ் முதலாளி அறைக்குப் போனான். வாளிக்கு வேறு மணல் வாங்க வேண்டும், எம்-சாண்ட் என்றாலும் பரவாயில்லை என்றான். காளிராஜ் கெட்டவர் இல்லை. மாரித்தாயின் ஆஸ்பத்திரியை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் தீயணைப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ‘வாளி 120, மணல் நிறைந்துள்ளது’ என்று மாதாமாதம் சங்கரலிங்கத்தின் கையெழுத்தோடு இருந்தது.

“நெறைஞ்ச வாளிக்கு மணல் வேணும்னு எப்படிலே ஆர்டர் போடுவேன்? போட்டா, இம்புட்டு நாள் காலியா இருந்துச்சான்னு தீயணைப்பு ஆபீஸ்காரன் கேப்பான். இல்லைன்னா, அந்த மணல் எங்கன போச்சுன்னு கேப்பான். தோட்டத்துல இருந்து எடுத்தாலோ அமைதி ஆபீஸ்காரன் சான்று தரமாட்டான். தீவாளி முடியட்டும். அதுவரைக்கும் மாரியாத்தா பாத்துக்கிருவா.”

ஓய்வறைக்குத் திரும்பி வந்து முனியராஜ் தோட்டத்தின் ஓரம் உட்கார்ந்தான். ஜன்னல் வெளிச்சம் கோடுகளில் சாய்ந்து விழுந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போக நினைத்து, நெட்டைக் கல்லின் பின்னால் கோடுகளை இன்னொரு முறை பார்த்தான். அங்கே மட்டும் அவை மெலிந்து நெருங்கி, ஆற்றின் ஓரத்துச் சிற்றலைபோல இருந்தன. அவனுடைய சீப்பில் அவ்வளவு நெருக்கமாகப் பல் கிடையாது. தானே எப்போதோ போட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தான் போட்டதில் அதுதான் சிறந்தது என்றும் தோன்றியது.

அந்த வாரம்தான் குச்சி மூன்றரை விரற்கடை காட்டியது. அடுத்த வாரம் மூன்று.

லட்சுமிகாந்தம் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். மணல் கடத்தல் என்றார். ஆற்று மணலுக்கு வெளியில் இருக்கிற கிராக்கி தனக்குத் தெரியும் என்றார். காப்பாளர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாத மணல் வெளியே போயிருந்தால் காப்பாளரைப் பற்றி என்ன நினைப்பது என்று காப்பாளரிடமே கேட்டார். திங்கட்கிழமைக்குள் திருடன் பெயரை எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் முனியராஜின் பெயரை அவரே எழுதுவார், சான்றும் கிடையாது, சீசனும் கிடையாது.

அதோடு ஒரு நல்ல செய்தியும் கொண்டுவந்திருந்தார். கேமராப் பதிவை ஒரு மாதம் பார்த்து, ‘மாதத்தின் அமைதியாளர்’ விருதுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

“திருடுற புத்தி யாருக்கு வருது? உட்காரத் தெரியாதவங்களுக்கு. இந்தம்மாவைப் பாருங்க. தினமும் சாப்பாட்டு நேரத்துல வர்றாங்க. அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால கேமராவுக்கு முதுகைக் காட்டி உக்கார்றாங்க. அப்படியே குனிஞ்சு, அரை மணி நேரம். தலை நிமிரலை. இப்படி ஒரு லயிப்பை ஜப்பான்லயே நாங்க பாக்கலை.”

திரையில் பாண்டிச்செல்வி வந்து உட்கார்ந்தாள். மருந்து படாமல் இருக்கச் சேலைக்கு மேல் போடுகிற ஆண் சட்டை, கையில் தூக்குச்சட்டி. குனிந்தாள். தோள் லேசாக அசைந்துகொண்டே இருந்தது. அவர் வேகமாக ஓடவிட்டார். எழுந்தாள். வரும்போது ஒரு விரலில் தொங்கவிட்டிருந்த தூக்குச்சட்டியை, திரும்பும்போது இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

“உங்க அக்காவாமே. குடும்பமே அமைதியான குடும்பம்போல” என்றார் லட்சுமிகாந்தம். சந்தேகம் இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்ததும் முனியராஜ் சீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நெட்டைக் கல்லுக்குப் பின்னால் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி பாதி நிறைந்திருந்தது. அவனைக் கண்டும் கை நிற்கவில்லை. அள்ளிய இடத்தை உள்ளங்கையால் நிரவினாள். தலையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை உருவி, அவன் போட்ட கோட்டை விட்ட இடத்தில் பிடித்து, கல்லைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனாள். 

“உக்காரு. நின்னா கேமராவுல வித்தியாசமாத் தெரியும்” என்றாள் திரும்பாமலே.

உட்கார்ந்தான்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. மஞ்சள் பூசுகிற சாக்கில் வேறு நாலைந்து பேரும் கொண்டுபோகிறார்கள். ஒரு வாளி நிறைய ஒன்பது தூக்கு வேண்டும். முதலில் மருந்து கலக்குகிற அறைகளுக்கு, பிறகு மாரித்தாயின் மேடைக்கு. கரிசல் மண்ணைப் போட்டுப் பார்த்தார்களாம், வாளியிலேயே கட்டி தட்டிப்போனதாம், கவிழ்த்தால் விழவில்லையாம். இதையெல்லாம் அவள் சமையல் விஷயம்போலச் சொல்லிக்கொண்டே இன்னொரு கை அள்ளினாள். திங்கட்கிழமைக்குள் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். அவளுக்குத் தெரிந்திருந்தது. விருது விஷயமும் தெரிந்திருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

“ஒனக்குத் தெரியுமாலே, இது வாளி மணலுன்னு?”

அவன் மணலைப் பார்த்தான்.

“செதிலு செதிலா வந்துச்சு” என்றான். “பொறுக்கிப் போட்டேன்.”

அவள் தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் சீப்பை வாயில் கடித்துக்கொண்டு கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

“நீ இதப் பாத்துக்கிட்டே இருக்கயில உம் மூஞ்சியப் பாத்திருக்கேன். லேபில் போடயில அந்த மூஞ்சி வந்ததில்ல. அதுக்காகத்தான் கல்லுக்குப் பின்னாலயே அள்ளுனோம். கோட்டைக் கலைக்காம. ஆளாளுக்கு ஒரு வாரம் பழகுனோம், ஒன்ன மாதிரி இழுக்க.”

ஜன்னல் வெளிச்சம் குட்டைக் கற்களைத் தாண்டி வந்திருந்தது. மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் அடுத்த அமர்வுக்கு மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் தூக்குச்சட்டி.

பாண்டிச்செல்வி பக்கத்தில் சேலையால் மூடி வைத்திருந்த எதையோ முன்னால் இழுத்து வைத்தாள். சிவப்பு வாளி. மேலே வெள்ளைப் பெயிண்டில் 14 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை எழுதியவன் முனியராஜ்தான், வேலைக்குச் சேர்ந்த வருடம்.

“மருந்து ரூமுல மத்ததெல்லாம் ஓரளவு நெறைஞ்சிருச்சு. எங்களதுதான் பாக்கி. திங்கக்கிழமை மணி மருந்து ஏத்துறோம், ஒரசுனாலே பத்திக்கிற சரக்கு, நாலு பேரும் உள்ள இருப்போம். தூக்குச்சட்டியில கொண்டு போனா அதுக்குள்ள நெறையாது” என்றாள். வாளியை அவன் முட்டிவரைக்கும் தள்ளினாள். “ஒனக்கு எங்கன எடுத்தா நல்லாருக்கும்னு தெரியும். நீயே ஒங்கையால அள்ளிக் குடு.”